தூக்குக் கயிறும் சிறைச் சோறும்

சென்ற ஆண்டு எம் தமிழ்த்துறை இலக்கிய மன்றத்தில் மாணவர் பட்டிமன்றம் ஒன்று நிகழ்ந்தது. மரண தண்டனை நீடிக்க வேண்டுமா, நீக்கப்பட வேண்டுமா என்பது பொருள். நடுவராக அமரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. இரு அணியினரும் குறளையும் சிலம்பையும் மாறி மாறி எடுத்துக்காட்டி அவையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த வேளையில், நீடிக்க வேண்டும் என்னும் அணியின் மூன்றாம் பேச்சாளராக எழுந்த இரண்டாமாண்டு மாணவர், மேற்கோள் எதுவும் காட்டாமல் ஒரே ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, என் அத்தா இராசபாளையத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறார். சோப்பு வாங்கினாலும் வரி, செருப்பு வாங்கினாலும் வரி. அவர் கட்டும் வரியில் ஒரு கொலைகாரனுக்கு முப்பது வருசம் சோறு போட வேண்டுமா?" அவை விழித்துக்கொண்டது. கைத்தட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

எதிரணியினர் அவ்வினாவுக்கு விடை கூறவில்லை. உயிர் இறைவன் கொடுத்தது, அதனை எடுக்க மனிதனுக்கு உரிமை இல்லை என்று பேசி அமர்ந்தனர். அது சோற்றுக் கணக்கைக் கேட்டவர்க்கு விடையாகாது. நடுவராகிய நானும் விடை கூறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரு சாராரும் நன்கு பேசினர் என்று நடுவர்கள் வழக்கமாகக் கூறும் சொற்களைக் கூறி அவையை முடித்து வைத்தேன். இரவில் மம்சாபுரத்துக்குப் பேருந்தில் திரும்பும்போது அவ்வினா என்னுடனேயே வந்தது. அம்மாணவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

இரு பெண்கள், ஒரு பேருந்து

மம்சாபுரம் என் சொந்த ஊர். மேற்கே மலைத்தொடர், சுற்றிலும் வயலும் தோப்பும். நீதிமன்றம் என்றால் எங்கள் மாவட்டத்தார்க்குத் திருவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் காண வருவோரைப் போலவே, கையில் மஞ்சள் பையுடன் வழக்குக்காக வந்திறங்குவோரும் அந்நகரில் நாள்தோறும் உண்டு.

1990ஆம் ஆண்டையொட்டி, நான் பள்ளியில் பயின்ற காலத்தில், எங்கள் ஊர்ப்பக்கம் வாய்க்கால் தண்ணீர் திருப்புவதில் எழுந்த சண்டை ஒரு கொலையில் முடிந்தது. இறந்தவரின் மனைவிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, மூன்று பிள்ளைகள். குற்றஞ்சாட்டப்பட்டவரோ ஒரு கைம்பெண்ணின் ஒரே மகன். வாய்தா நாள்களில் அவ்விரு பெண்களும் ஒரே நிறுத்தத்தில் ஒரே பேருந்துக்காக நிற்பதைப் பள்ளிக்குச் செல்லும் நான் பார்ப்பேன். ஒருவர் முன்வாயிலில் ஏறுவார். மற்றவர் பின்வாயிலில் ஏறுவார். இருவரும் ஒருவரை ஒருவர் நோக்குவதில்லை. மாலையில் அதே போல் இறங்குவர். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று என்பதை அவர்கள் நடையைக் கொண்டே ஊரார் அறிந்துகொள்வர்.

கொலையுண்டவரின் மனைவிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி இழப்பு. குற்றஞ்சாட்டப்பட்டவரின் தாய், மகனை 'மனு போட்டுப் பார்க்க' மதுரைச் சிறைக்குச் சென்று வருவதற்காகக் கம்மலை விற்றார். பின்பு வீட்டு ஓட்டையும் விற்றார். என் அத்தா ஒருநாள் இரவு உணவின்போது, "செத்தது ஒரு ஆள். உலை அணைஞ்சது ரெண்டு வீட்ல" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

சிறையின் செலவு என்று நாம் பேசும்போது அரசு கொடுக்கும் அரிசிப்பணத்தை மட்டுமே எண்ணுகின்றோம். அவ்விரு வீடுகளின் செலவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எனினும் மாணவர் கேட்டது அரசின் கணக்கு. ஆகலின் முதற்கண் அதனையே பார்ப்போம்.

பானையும் பருக்கையும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரங்களை வெளியிடுகின்றது. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அச்சிறைகளில் இருக்கத்தக்கவரின் அளவோ 4,36,266. நூறு பேர் படுக்கும் இடத்தில் நூற்றுமுப்பது பேர் படுத்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும். இத்தொகையில் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. இவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அஃதாவது நான்கு பேரில் மூவர், எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்.

தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் காத்திருப்போர் எத்தனை பேர்? தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் திரட்டிய கணக்கின்படி 2023ஆம் ஆண்டு இறுதியில் 561 பேர். ஆயிரம் கைதிகளுக்கு ஒருவர் என்ற அளவே வருகின்றது. நாளையே இந்த 561 பேரையும் ஒருசேரத் தூக்கிலிட்டாலும் (அப்படி ஒன்று நிகழ வேண்டும் என்று அம்மாணவரும் கருதமாட்டார் என்பது என் துணிபு) சிறைச்சோற்றுச் செலவில் குறைவது ஒரு பானைக்கு ஒரு பருக்கை. வரிப்பணத்தின் மீது உண்மையான அக்கறை உடையவர் கேட்க வேண்டிய வினா, குற்றம் மெய்ப்பிக்கப்படாத நான்கரை இலட்சத்தை நெருங்கும் மக்களுக்கு நாம் ஏன் இவ்வளவு காலம் உள்ளே வைத்துச் சோறு போடுகின்றோம் என்பதேயாகும்.

அவர்களுள் பலர் பிணைத்தொகை கட்ட இயலாதவர். கட்ட இயன்றவர் வெளியிலிருந்து வழக்கை நடத்துகின்றார். இயலாதவர் உள்ளிருந்து நடத்துகின்றார். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் அக்குற்றத்துக்குரிய பெருமத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடப்பட வேண்டும் என்கின்றது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பிற வழக்குகளில் பொருந்தும். எழுதப்படிக்கத் தெரியாத கைதிக்கு இதனை எடுத்துச் சொல்வார் யார் என்பது தனி வினா.

இனித் தூக்குத் தண்டனை செலவைக் குறைக்கின்றதா என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இறுதியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரல் 27ஆம் நாள் சேலம் மத்தியச் சிறையில் அது நிறைவேற்றப்பட்டது. இந்தியா முழுவதிலும் 2000க்குப் பின்னர் தூக்கிலிடப்பட்டோர் எண்மர்: 2004இல் ஒருவர், 2012இல் ஒருவர், 2013இல் ஒருவர், 2015இல் ஒருவர், 2020இல் தில்லி மாணவி வழக்கில் நால்வர். கால் நூற்றாண்டில் எட்டுப் பேர். மற்றையோர் ஆண்டுக்கணக்கில், சிலர் பத்தாண்டுக்கணக்கில், சிறையிலேயே காத்திருந்தனர், காத்திருக்கின்றனர். அத்தனை காலமும் அவர்கள் உண்டது அதே சிறைச்சோறுதான். தனிக் காவல், மேல்முறையீடு, சீராய்வு மனு, கருணை மனு ஆகியவற்றின் செலவு வேறு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அலர்கான் என்னும் நீதிபதியும் மிட்செல் என்னும் சட்டப் பேராசிரியரும் சேர்ந்து 2011இல் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தனர். 1978 முதல் அம்மாநிலம் மரண தண்டனை முறைக்காகச் செலவிட்டது ஏறத்தாழ 400 கோடி டாலர். அக்காலத்தில் நிறைவேற்றப்பட்ட தண்டனைகள் 13. ஓர் உயிரை எடுக்க 30 கோடி டாலருக்கு மேல்! இந்தியாவில் வழக்கறிஞர் செலவு அத்துணை இல்லை என்பது உண்மையே. நாம் பணமாகச் செலவிடாததை ஆண்டுகளாகச் செலவிடுகின்றோம்.

அவ்வாண்டுகள் எத்தகையன என்பதற்கு நம் மாநிலத்து வழக்கே சான்று. 1975 ஜனவரியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட வைத்தீஸ்வரன் என்பார் எட்டாண்டுகள் தனிமைச் சிறையில் இருந்தார். 1983 பிப்ரவரியில் அவ்வழக்கைக் கேட்ட உச்சநீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி, இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தாழ்வே தண்டனையைக் குறைக்கப் போதிய காரணம் என்று கூறி அதனை ஆயுள் தண்டனையாக மாற்றினார். அவ்வாண்டே மற்றோர் அமர்வு, இத்தனை ஆண்டு என்று வரையறுத்தல் கூடாது என்றது. 1989இல் ஐவர் அமர்வும் அதனையே உறுதி செய்தது. எனினும் தாழ்த்தப்பட்ட தண்டனை தன்னளவிலேயே ஒரு கொடுமை என்னும் கருத்து மறையவில்லை. 2014 ஜனவரி 21ஆம் நாள் பதினைவரின் தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டமைக்குப் பெரிதும் அதுவே அடிப்படை.

செங்கோன்மையின் முதற்குறளும் கடைக்குறளும்

பட்டிமன்றத்தில் நீடிக்க வேண்டும் என்றோர் 550ஆம் குறளைக் காட்டினர். அரசன் கொடியவரை ஒறுத்தல், பயிர் செழிக்கக் களை பறித்தல் போன்றது என்னும் கருத்தமைந்தது அது. கொலையால் ஒறுத்தல் என்று பரிமேலழகர் பொருள் கொள்வார். கொலைத்தொழிலில் கொடியவராயினாரை ஒறுத்தல் என்று சொல்லைக் கூட்டுவாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் தண்டனையே கூடாது என்பது வள்ளுவர் கருத்தன்று. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆனால் அக்குறள் செங்கோன்மை அதிகாரத்தின் கடைக்குறள் என்பதை இரு அணியினரும் கருதவில்லை. அவ்வதிகாரம் தொடங்குவது ஆராய்தலில். யார் பக்கமும் சாயாது, உண்மையைத் தேர்ந்து, அதன்பின் செய்வதே முறை என்பது முதற்குறளின் கருத்து. ஆராய்தல் முதலில், களை பறித்தல் கடைசியில். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பயிர் எது, களை எது என்று தெரியாதவரை நம் பக்கத்தில் எவரும் வயலில் இறக்குவதில்லை.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தின் ஒரு பகுதி எனக்கு முதன்மையாகத் தோன்றுகின்றது. கோவலன் கொலையை அனைவரும் அறிவர். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். கொல்ல வந்தோருள்ளும் சிலர் கோவலன் முகத்தைக் கண்டு, இவன் கள்வன் ஆகான் என்று தயங்கினர். அறிவும் நிதானமும் அற்ற ஒருவன் வாளை வீசினான். பின்னர்க் கண்ணகி அவையில் சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம். சான்று அவைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் யாருக்காக வந்ததோ அவன் உயிருடன் இல்லை. அரசனால் செய்ய முடிந்தது தானும் உயிர் விடுதல் ஒன்றே.

பலரும் கருதாத கதை இதற்கு அடுத்துக் கட்டுரை காதையில் வருகின்றது. மதுரையின் காவல் தெய்வமாகிய மதுராபதி கண்ணகியின்முன் தோன்றி, பாண்டியன் கொடுங்கோலன் அல்லன் என்பதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றாள். தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்னும் அந்தணன் வாழ்ந்தான். சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவன், அவ்வூரில் விளையாடிய சிறுவர்களுள் வார்த்திகன் மகன் தக்கிணன் தன்னோடு பிழையின்றி மறை ஓதியது கண்டு மகிழ்ந்து, அணிகலன்களை அவனுக்கு அளித்துச் சென்றான். குடும்பம் திடீரெனச் செல்வம் பெற்றது கண்டு பொறாத அரசு அலுவலர், புதையல் எடுத்தான் என்று பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையில் அடைத்தனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது நின்றது. அதனைக் கேட்டு அரசன் வினவினான், பிழை தெரிந்தது. வார்த்திகனை விடுவித்து, பொறுத்தருள்க என்று வேண்டி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு உரிமையாக்கினான். சிறைக்கதவுகளையும் திறக்கச் செய்தான்.

இத்தங்கால், சிவகாசிக்கு அருகிலுள்ள நம் திருத்தங்கலே என்பர். இங்கிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். எங்கள் மாணவருள் சிலர் அவ்வூரினர். தம் ஊர் காப்பியத்தில் இடம்பெற்ற செய்தியை வகுப்பில் கூறும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கின்றேன்.

மதுராபதி இக்கதையைப் பாண்டியனின் பெருமையாகச் சொன்னாள். என் சிற்றறிவுக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. அரசன் ஒருவனே, ஆராயாமையும் ஒன்றே. பொய்க் குற்றச்சாட்டு, அதனை நம்பிய அதிகாரம், அழுத மனைவி, காலந்தாழ்ந்து வந்த உண்மை ஆகிய அனைத்தும் இரண்டிலும் உள்ளன. வார்த்திகன் வீடு திரும்பினான், கோவலன் திரும்பவில்லை. இருவருக்கும் இடையேயான வேறுபாடு, ஒருவன் சிறையில் வைக்கப்பட்டான், மற்றவன் வெட்டப்பட்டான் என்பதே. வார்த்திகனுக்குச் சிறையில் இட்ட சோற்றின் விலையைப் பாண்டியன் வீண்செலவு என்று கருதியிருப்பானா?

நம் காலத்து வார்த்திகர்

இது காப்பியக் கதை, இன்றைய நீதிமன்றம் அவ்வாறு தவறாது என்று கூறுவோர் உண்டு. 2000 முதல் 2014 வரை இந்தியாவின் விசாரணை நீதிமன்றங்கள் தூக்குத் தண்டனை விதித்தோர் 1,810 பேர். மேல்முறையீட்டில் பாதிக்கு மேற்பட்டோரின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 443 பேர் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முற்றிலும் விடுவிக்கப்பட்டனர். தூக்கு என்று தீர்ப்பு எழுதப்பட்ட நால்வருள் ஏறத்தாழ ஒருவர்! தூக்குத் தண்டனைக் கைதிகளுள் 74 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்பதும் அதே தில்லிப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வால் அறியக் கிடக்கின்றது.

மகாராட்டிரத்தில் நாடோடிக் குலத்தைச் சேர்ந்த ஆறு பேர் ஒரு கொள்ளை, கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றனர். 2009இல் உச்சநீதிமன்றமே அத்தண்டனையை அறுவருக்கும் விதித்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 2019 மார்ச் 5ஆம் நாள், அதே உச்சநீதிமன்றம் வழக்கை மீண்டும் ஆராய்ந்து அறுவரையும் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பதினாறு ஆண்டுகள் அவர்கள் சிறையில் இருந்திருந்தனர். தலைக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. பாண்டியன் இரண்டு ஊர்களைக் கொடுத்தான் என்பதை இங்கு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாடு நன்கறிந்த வழக்கு பேரறிவாளனுடையது. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தியும் காவல்துறையினர் உள்ளிட்ட பலரும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதம் பத்தொன்பது வயதில் கைது செய்யப்பட்ட பேரறிவாளனுக்கு 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. கருணை மனு பதினோராண்டுகள் கிடந்தது. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2013இல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் புலனாய்வு அதிகாரி ஒருவர், மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். 2014 பிப்ரவரி 18 அன்று தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று, முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது.

அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை என்பதையும், அன்று உயிரிழந்தோரின் குடும்பத்தினர் சிலர் விடுதலையை எதிர்த்தனர் என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். அவர்தம் துயரைச் சிறிதாக எண்ண எவர்க்கும் உரிமையில்லை. நான் சுட்டுவது ஒன்றே. குறித்த நாளில் கயிறு இறுகியிருந்தால், 2013இல் அவ்வதிகாரி கூறிய சொல், உடைந்த சிலம்பைப் போல யாருக்கும் பயன்படாமல் கிடந்திருக்கும்.

விசாரணைக் கைதிகளைப் பற்றி மேலே கூறினேன். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளை நம் சமுதாயத்துப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வழக்கில் கைது செய்யப்பட்ட கேரளத் தலைவர் அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்து, 2007 ஆகஸ்டு முதல் நாள் அவ்வழக்கினின்று விடுவிக்கப்பட்டார். இறந்தோரின் குடும்பத்துக்கும் அவ்வொன்பதாண்டுகளால் பயனில்லை, நாட்டுக்கும் பயனில்லை. சோறு மட்டும் செலவாயிற்று.

உயிருக்கு ஈடு

கொலையுண்டவன் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்னும் வினா பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளுள் சில, வேட்டையில் குறிதவறி அம்பு எய்து ஒருவனைக் கொன்றவன், அவ்விறந்தவன் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கக் கடமைப்பட்டதைக் கூறுகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர்; மந்தை குறையாமல் காக்கப்படும் என்பது கருத்து. ஊரார் கூடி, நினையாது செய்த கொலை என்று தெளிந்து, உயிருக்கு உயிர் வேண்டாம் என்று முடிவு செய்தமை பாராட்டத்தக்கது. இறந்தவன் பெயரால் விளக்கு எரிந்தது. அவன் பிள்ளைகள் என்ன உண்டனர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை.

இசுலாமிய நெறி இவ்விடத்தில் உரியவரின் பக்கம் திரும்புகின்றது. கொலைக்குப் பழிவாங்கும் உரிமையைத் திருமறை ஏற்கின்றது. இரண்டாம் அத்தியாயத்தின் 178ஆம் வசனம், கொலையுண்டவரின் உறவினர் மன்னிப்பாராயின் நல்ல முறையில் ஈட்டுத்தொகை பெற்று முடித்துக்கொள்ளலாம் என்றும், அது இறைவன் அளித்த சலுகையும் அருளும் ஆகும் என்றும் பொருள்படக் கூறுகின்றது. அரசின் கையில் மட்டும் இருந்த முடிவு, கணவனை இழந்த பெண்ணின் கைக்கும் வருகின்றது. பழிவாங்கும் பகுதியை மட்டும் மேடையில் முழங்கிவிட்டு மன்னிக்கும் பகுதியை விட்டுவிடுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அது பாதி வாசிப்பு.

நிகழ்காலச் சான்று ஒன்று. பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் குவைத்தில் கேரளத்து மலப்புரத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றார். அவர் மனைவி 2017இல் மலப்புரம் சென்று பாணக்காட்டுத் தங்ஙள் குடும்பத்தாரைக் கண்டு முறையிட்டார். அவர் திரட்டியது சில இலட்சமே. தங்ஙள் மற்றையதைத் திரட்டிக் கொடுக்க, 30 இலட்சம் ரூபாய் கொலையுண்டவரின் மனைவியிடம் சேர்ந்தது, அவரும் மன்னித்தார். தமிழ்நாட்டு இந்துப் பெண் ஒருவரும் கேரளத்து முசுலிம் பெண் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்த காட்சியைச் செய்தித்தாளில் படித்தபோது, எனக்கு மம்சாபுரத்துப் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வந்தது. அங்கே அவ்விருவரை எதிரெதிரே அமர்த்த ஒருவரும் முன்வரவில்லை.

இம்முறையில் தீங்கும் இல்லாமலில்லை. சவூதிச் சிறையிலிருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவருக்காக 2024 ஏப்ரலில் 34 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. அத்துணை தொகை திரட்ட வல்ல ஊர் எல்லார்க்கும் வாய்க்குமா? செல்வன் கொன்றுவிட்டுப் பணத்தை வீசிச் செல்வானாயின் அது நீதியாகாது. எனவே இதனை அப்படியே நம் சட்டத்தில் புகுத்த வேண்டும் என்பது என் வாதமன்று. கொலையுண்டவன் வீட்டை வழக்கின் ஒரு தரப்பாக எண்ணும் அப்பார்வை நம் சட்டத்தில் நெடுங்காலம் இல்லாதிருந்தது என்பதே நான் கூற விழைவது.

அப்பார்வை சிறிது சிறிதாக வந்தது. 1998இல் உச்சநீதிமன்றம், கடுங்காவல் கைதிகளின் உழைப்புக்கு நேர்மையான கூலி தர வேண்டும் என்றும், அக்கூலியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோர்க்கு ஒதுக்க மாநிலங்கள் சட்டம் காண வேண்டும் என்றும் கூறியது. அத்தீர்ப்பை வழங்கியோருள் ஒருவராகிய நீதிபதி கே.டி. தாமசே அடுத்த ஆண்டு பேரறிவாளன் வழக்கின் அமர்வுக்குத் தலைமை தாங்கினார் என்பது நோக்கத்தக்கது. உயிருடன் சிறையில் உழைக்கும் ஒருவனிடமிருந்து மாதந்தோறும் சிறு தொகையேனும் அவ்வீட்டுக்குப் போய்ச்சேர வழியுண்டு. தூக்கிலிடப்பட்டவன் யாருக்கும் ஒரு காசும் தருவதில்லை. மாணவரின் சோற்றுக் கணக்கில் இவ்வரவையும் எழுதுதல் முறையாகும்.

மணிமேகலை சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்ற வரம் ஈண்டு நினைக்கத்தக்கது. சிறைக்கோட்டத்தில் பசித்திருந்தோர்க்கு அமுதசுரபியால் உணவிட்ட அவள், அச்சிறையையே அறக்கோட்டமாக மாற்ற வேண்டினாள். சிறைச்சோற்றை வீண் என்று கருதாத ஓர் இலக்கியம் நம்மிடம் பதினைந்து நூற்றாண்டுகளாக இருக்கின்றது என்று தமிழாசிரியன் என்ற முறையில் பெருமிதம் கொள்கின்றேன். ஆயினும் அதனை இன்றைய சட்டமாக எண்ணிவிடக் கூடாது. கொடுங்குற்றவாளிகள் வெளிவரக்கூடாது எனில் அதற்கும் வழி உண்டு. தண்டனைக் குறைப்பின்றி இத்தனை ஆண்டு என்று விதிக்கும் முறையை 2008இல் உச்சநீதிமன்றம் வகுத்தது. 2015இல் அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்றது. அதே 2015இல் சட்ட ஆணையம் தன் 262ஆம் அறிக்கையில், பயங்கரவாதமும் நாட்டுக்கு எதிரான போரும் தவிர்ந்த பிற குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கப் பரிந்துரைத்தது. பத்தாண்டுகள் கடந்தும் பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கவில்லை.

நீடிக்க வேண்டும் என்போர் நீதியின் பெயரால் வாதிடலாம். மகளை இழந்த தந்தையின் முன்னால் நின்று அதனை மறுத்துப் பேச எனக்கும் நாவெழாது. அரிசியின் பெயரால் மட்டும் வாதிட வேண்டா என்பதே என் வேண்டுகோள். அக்கணக்கு பொருந்தி வரவில்லை.

வாய்க்கால் சண்டை வழக்கில் அம்மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவன் விடுதலையாகி வந்தபோது தாய் இல்லை. கொலையுண்டவரின் மனைவிக்கு அரசிடமிருந்தோ வேறெவரிடமிருந்தோ ஒரு ரூபாயும் வரவில்லை. மூத்த மகன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பாதிக்கப்பட்டோர்க்கான இழப்பீட்டுத் திட்டம் 2009ஆம் ஆண்டின் இறுதி நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று அது 396ஆம் பிரிவாகப் புதிய சட்டத்திலும் தொடர்கின்றது. குற்றவாளி பிடிபடாவிடினும், வழக்கு முடியாவிடினும் விண்ணப்பிக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு அளிக்க வேண்டும், கட்டணம் இல்லை. எங்கள் துறை மாணவர் இருவர் இப்போது சனிக்கிழமைகளில் இத்தகைய மனுக்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கின்றனர். அவர்களுள் ஒருவர் பட்டிமன்றத்தில் அவ்வினாவைக் கேட்டவர். முதல் மனுவில் 'கைம்பெண்' என்று எழுதுவதா, 'விதவை' என்று எழுதுவதா என்று என்னிடம் கேட்க வந்தார். இறந்தவரின் மனைவி என்று எழுதும்படி கூறினேன்.